டிக் டிக் பெட்டியும் ஒரு லாரி மணலும்: மண்ணில் கதிரியக்கத்தை எப்படி அளக்கிறார்கள்?

மலேசியாவின் தாப்பாவில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி சமையலறையை நீட்டிக் கட்டுவதற்காக ஒரு லாரி மணல் இறக்கியிருந்தான். ஈயம் தோண்டிய பழைய குட்டைப் பக்கம் இருந்து வந்த மணல். கறுப்புக் கறுப்பாக மினுக்கும் துகள்கள் அதில் நிறைய. அதே வாரம் இணையத்தில் வாங்கிய கைகர் கருவி ஒன்றும் அவன் கைக்கு வந்து சேர்ந்தது. கைப்பேசி அளவுதான் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் டிக் டிக் என்று அடிக்கும்.

"அண்ணே, இங்க வந்து கேளுங்க" என்று கூப்பிட்டான். வீட்டுக்குள் சோம்பலாக அடித்த பெட்டி, மணல் மேட்டில் வைத்ததும் படபடவென்று அடித்தது. அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "ஜப்பான் அணு உலைத் தூசு" என்றார் ஒருவர். "புக்கிட் மேரா மாதிரி இங்கேயும் எவனோ கொட்டிவிட்டான்" என்றார் இன்னொருவர். புக்கிட் மேரா, ஓர் ஆலையின் கதிரியக்கக் கழிவால் பேர்போன பேராக் ஊர்.

நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் உதவியாளராக இருந்தவன், அதனால் தெருவில் விஞ்ஞானி என்று ஒரு பெயர் உண்டு. தம்பியைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து உரக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொட்டாஷ் உர மூட்டை மேல் பெட்டியை வைக்கச் சொன்னேன். அங்கேயும் வீட்டில் அடித்ததைவிட வேகமாக அடித்தது. தம்பி முகம் வெளுத்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. பொட்டாசியம் என்ற தனிமத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று பொட்டாசியம்-40. அது இயற்கையாகவே கதிரியக்கம் உள்ளது, பூமி உண்டான நாளிலிருந்து கூடவே வருகிறது. வாழைப்பழத்திலும் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு உர மூட்டையும் மணலும் ஒன்றுதான். அணு உலைத் தூசை அதன் முன் வைத்தாலும் அதே டிக் டிக்தான். ஏதோ இருக்கிறது என்று சொல்லும், எது என்று சொல்லாது.

இதைத் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். என் அப்பா பால்மரம் வெட்டியவர். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனால், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வாளியை நிறுத்ததோடு விடமாட்டார். ஒரு கரண்டிப் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். பாலில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருகிற கெட்டிக்காரர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் குழலைக் கண்டாலே ஆகாது. கைகர் கருவி வாளியை நிறுக்கிற தராசு. 'இந்த மண்ணில் அணு உலையிலிருந்து வரும் சீசியம் எவ்வளவு, இயற்கையாகவே இருக்கும் தோரியம் எவ்வளவு' என்று தெரிய வேண்டுமானால் மெட்ரோலாக் மாதிரி வேறொரு கருவி வேண்டும்.

அதற்கு முன்னால் ஐசோடோப்பு என்பது என்னவென்று பார்த்துவிடலாம். ஒரே தனிமம், வேதியியல் குணமும் ஒன்றே, அணுக்கருவில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு. சீசியம்-133 சாது, ஒன்றும் செய்யாது. சீசியம்-134, சீசியம்-137 இரண்டும் நிலையில்லாதவை. எப்போதாவது ஒரு கணத்தில் அந்த அணு சிதைந்து வேறொன்றாக மாறும், மாறும்போது கதிரை உமிழும். ஒரு நொடிக்கு ஒரு சிதைவு நடந்தால் அது ஒரு பெக்கரல். கதிரியக்கத்தை 1896-இல் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி பெக்கரலின் பெயர்தான் அலகுக்கும் வைத்திருக்கிறார்கள். செய்திகளில் சீவர்ட் என்று இன்னோர் அலகு வரும், இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். மழையில் எத்தனை துளி விழுந்தது என்பது பெக்கரல், நாம் எவ்வளவு நனைந்தோம் என்பது சீவர்ட். குடை பிடித்தவனுக்கும் பிடிக்காதவனுக்கும் மழை ஒன்றுதான், நனைவது ஒன்றல்ல.

பெக்கரல் ரொம்பச் சின்ன அலகு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் ஏறக்குறைய பாதி எடை பொட்டாசியம். ஒரு கிராம் பொட்டாசியத்துக்குச் சுமார் 31 பெக்கரல் என்று பெருக்கினால் மூட்டைக்கு 775,000 பெக்கரல் வரும். யாராவது "ஏழு லட்சம் பெக்கரல்" என்று தலைப்புப் போட்டால் ஊரே ஓடும். ஓடுகிறவன் அதே மூட்டையைத்தான் இத்தனை நாளும் தோளில் சுமந்து மரத்துக்கு மரம் கொட்டியிருப்பான்.

ஒவ்வோர் ஐசோடோப்புக்கும் தன் வேகம் உண்டு. பாதி அணுக்கள் சிதைந்து தீர எடுக்கும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். அயோடின்-131-க்கு 8 நாள், சீசியம்-134-க்கு 2 வருடம், சீசியம்-137-க்கு 30 வருடம், தோரியம்-232-க்கு 1,400 கோடி வருடம். ஆயுள் குறைந்தது அவசர அவசரமாகச் சிதையும், அதனால் ஒரே எடைக்கு அதிகமாக டிக் அடிக்கும். ஒரு கிராம் தோரியம்-232 நொடிக்குச் சுமார் 4,000 தடவைதான் சிதைகிறது. ஒரு கிராம் சீசியம்-137 நொடிக்கு மூன்று டிரில்லியன் தடவைக்கு மேல் சிதைகிறது. அணு உலை விபத்தில் சில கிலோ, மிஞ்சினால் சில பத்து கிலோ வெளியேறும் சீசியம் பெரிய நிலப்பரப்பையே கெடுத்துவிடுவது இதனால்தான்.

சரி, யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், இருட்டில், யார் இருமுகிறார்கள் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவோம். பெரும்பாலான கதிரியக்க ஐசோடோப்புகள் சிதைந்த கையோடு காமா கதிரை விடுகின்றன. அந்தக் கதிரின் ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, மாறவே மாறாது. சீசியம்-137 என்றால் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். பொட்டாசியம்-40 என்றால் 1,460. அந்த எண்தான் அதன் இருமல்.

இதில் ஒரு வேடிக்கை. 662 உண்மையில் சீசியத்தின் குரல் இல்லை. அது சிதைந்து பிறக்கும் பேரியத்தின் குரல். தோரியம் இன்னும் மோசம், தான் வாயே திறக்காது, பேரன் பேத்திகளைக் கத்தவிடும். அதன் வம்சத்தில் கடைசி ஆட்களில் ஒன்றான தாலியம்-208, 2,614-இல் ஓங்கிக் குரல் கொடுக்கும். இன்னொரு வாரிசான ஆக்டினியம்-228, 911-இல். இவர்கள் குரல் கேட்டால் தாத்தா வீட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குரலைப் பிரித்துக் கேட்க இரண்டு வகைக் காது இருக்கிறது. ஒன்று சோடியம் அயோடைடு படிகம், காமா பட்டால் மினுக்கென்று ஒளிரும். விலை குறைவு, கையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளும் போகலாம். ஆனால் கொஞ்சம் மந்தக் காது. 662-ஐ ஒரு கோடாகக் காட்டாமல் நாற்பது ஐம்பது கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குக் குன்றாகக் காட்டும். சீசியம்-134 குரல் கொடுக்கும் இடம் 605. இயற்கையாகவே எல்லா மண்ணிலும் இருக்கும் பிஸ்மத்-214-இன் இடம் 609. மந்தக் காதுக்கு மூன்றும் ஒரே இரைச்சல். மற்றது மிகத் தூய ஜெர்மானியப் படிகம். அது 605-ஐயும் 609-ஐயும் தனித்தனி ஊசிகளாக நிறுத்திக் காட்டும். செலவு அதிகம். வேலை செய்யும்போது மைனஸ் 196 பாகையில் இருக்கும் திரவ நைட்ரஜன் மாதிரி ஏதாவது ஒன்றால் அதைக் குளிர்விக்க வேண்டும். இல்லாவிட்டால் படிகத்தின் சொந்தச் சலசலப்பே காதை அடைத்துவிடும்.

அந்தப் படிகத்தைச் சுற்றிப் பத்து சென்டிமீட்டர் கனத்தில் ஈயச் சுவர். நம் ஊர்க்காரர்கள் இங்கே குழம்பக்கூடாது. குட்டையில் தோண்டியது வெள்ளீயம், இது காரீயம். வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்கத்தான் இந்தச் சுவர். ஆனால் சுவரே சுத்தமாக இருக்க வேண்டுமே. 1945-க்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைத் தூசு காற்றில் கலந்து, காற்றை ஊதிச் செய்கிற இரும்பிலும் ஏறிவிட்டது. அதனால் நுட்பமான அளவீடுகளுக்கு, இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மூழ்கிய கப்பல்களின் இரும்பைத் தேடி எடுத்தவர்கள் உண்டு.

எங்கள் மணலுக்கு வருகிறேன். என் அக்கா மகள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். போன் போட்டேன். "மாமா, மேலாக ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டு அனுப்பாதீங்க" என்றாள் முதல் வார்த்தையாக. குவியலில் ஐந்தாறு இடத்தில், மேலும் அடியிலும், எடுத்துக் கலக்க வேண்டுமாம். கறுப்புத் துகள் கனமானது, மழை பெய்தால் லேசான மணல் ஓடிவிட்டு அது மட்டும் ஓரிடத்தில் தங்கிவிடும். அங்கே மட்டும் அள்ளினால் முடிவு பொய்யாகிவிடும். நன்றாகக் கலக்காத வாளியில் கரண்டியை விடுகிற கதைதான்.

ஆய்வுக்கூடத்தில் வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு, 105 பாகையில் உலர்த்தி, சலித்து, அடிப்பக்கம் குழிவாக உள்வாங்கிய ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் நிரப்புகிறார்கள். அந்தக் குழியைப் படிகத்தின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்தால் மண் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கும். உலர்த்துவது ஏன் என்று தோட்டக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிப்பாலை ஈரத்தோடு நிறுத்தால் யாருக்கு லாபம் என்று நமக்குத் தெரியும். அப்புறம் மூடியைச் சுற்றி இறுக்கமாக நாடா ஒட்டித் தேதி எழுதி, மூன்று நான்கு வாரம் தொடாமல் வைத்துவிடுவார்கள். மண்ணில் உள்ள ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயு ஆகிறது. அது தப்பித்துப் போய்விட்டால் அதன் வாரிசுகளும் போய்விடும், ரேடியம் குறைவு என்று தப்புக்கணக்கு வரும். அடைத்து வைத்தால் தாயும் பிள்ளைகளும் ஒரே வேகத்துக்கு வந்து நிற்பார்கள். தம்பிக்கோ பொறுமை இல்லை. "மண்ணு ஊறுகாயா அண்ணே, ஊற வைக்க?" என்று வாரா வாரம் கேட்டான்.

எண்ணுவதற்கும் நேரம் வேண்டும். தகரக் கூரையில் மழை தொடங்கும்போது கவனித்திருப்பீர்கள், முதல் துளிகள் ஒழுங்கில்லாமல் விழும். ஒரு நிமிடத்தில் மூன்று, அடுத்ததில் ஏழு. சிதைவும் அப்படியேதான். நூறு எண்ணினால் பத்து இப்படியும் அப்படியும் இருக்கலாம், அதாவது நூற்றுக்குப் பத்து பிழை. பத்தாயிரம் எண்ணினால் நூறுதான் தவறும், நூற்றுக்கு ஒன்று. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழையின் அளவு. அதனால் இராத்திரி முழுக்க, சிலசமயம் இரண்டு நாள்கூட, ஒரே மாதிரியை எண்ணுகிறார்கள்.

எண்ணியதைப் பெக்கரல் ஆக்குவது வெறும் வகுத்தல்தான். பயிற்சிக்கு ஒன்று, எண்கள் நானாக வைத்தவை. அரைக் கிலோ மண்ணை 50,000 நொடி எண்ணியதில், 662-இல் பின்னணி கழித்து 850 எண்ணிக்கை. படிகம் நூறு காமாவில் இரண்டைத்தான் பிடிக்கிறது என்று வையுங்கள். சீசியம்-137 நூறு முறை சிதைந்தால் சுமார் 85 முறைதான் அந்தக் காமா வெளிவரும். 850-ஐ 50,000-ஆல், 0.02-ஆல், 0.85-ஆல், 0.5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 2 பெக்கரல். இதில் சிக்கல் அந்த 0.02-இல்தான். அளவு தெரிந்த ஒரு மாதிரியை அதே பாத்திரத்தில் அதே உயரத்துக்கு நிரப்பி எண்ணித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே மண்ணுக்கு வேறு வேறு எண் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த எண்ணைத்தான்.

இப்போது "ஜப்பான் தூசு" கதைக்கு வரலாம். சீசியம்-137 எங்காவது கிடைத்தாலே விபத்து என்று அர்த்தமில்லை. ஐம்பது அறுபதுகளில் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த குண்டுகளின் மிச்சம் உலகத்து மண்ணில் எல்லாம் கொஞ்சம் இருக்கிறது. 1963-இல் ஒப்பந்தம் போட்டு வெட்டவெளிச் சோதனையைப் பெருமளவு நிறுத்தினார்கள். அன்று விழுந்ததில் ஏறக்குறைய கால் பங்குதான் இன்று மிச்சம். அது களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் இறங்காது. அதனால் மண் அரிப்பை ஆராய்கிறவர்கள் மலைச்சரிவில் சீசியம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, மேல்மண் எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போடுகிறார்கள். குண்டு போட்டவன் நினைத்தே பார்த்திராத உபயோகம்.

எந்தச் சீசியம் எங்கிருந்து வந்தது என்று சொல்வது சீசியம்-134. குண்டு வெடிப்பில் அது அநேகமாக உண்டாவதில்லை. உலைக்குள் எரிபொருள் நாள்பட எரியும்போதுதான் சேர்கிறது. 1986-இல் செர்னோபில்லில் இருந்து வந்ததில் 137-க்குப் பாதி அளவு 134 இருந்தது. 2011-இல் புக்குஷிமாவில் இருந்து வந்ததில் இரண்டும் ஏறக்குறையச் சமம். 134-இன் ஆயுள் குறைவு, பத்து வருடத்தில் முப்பதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆக, இரண்டின் விகிதம் ஊரையும் சொல்லும், தேதியையும் சொல்லும்.

செர்னோபில் வெளியே தெரிந்ததே ஒரு அளவீட்டால்தான். 1986 ஏப்ரல் 28 காலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணு மின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி பட்டு எச்சரிக்கை மணி அடித்தது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று முதலில் பதறினார்கள். காலணியில் ஒட்டியிருந்ததை ஜெர்மானியக் கருவியில் வைத்துப் பார்த்தபோது தெரிந்த ஐசோடோப்புக் கலவை அவர்கள் உலைக்குப் பொருந்தவில்லை. காற்று வந்த திசையைப் பார்த்தார்கள். அன்று மாலை சோவியத் அரசு விபத்தை ஒப்புக்கொண்டது.

அந்த மாதிரிக் காது ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் கேமரன் மலை தானா ராத்தாவுக்குப் போனால், அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகமெங்கும் திட்டமிட்ட 80 கதிரியக்க நிலையங்களில் ஒன்று அங்கே. ஒருநாள் முழுக்க மணிக்கு 500 கன மீட்டருக்குக் குறையாமல் காற்றை வடிதாளில் இழுப்பார்கள். ஒருநாள் சும்மா வைத்து, காற்றில் இயல்பாக இருக்கும் ரேடான் வாரிசுகளைச் சாகவிடுவார்கள். மூன்றாம் நாள் எண்ணுவார்கள். ஸ்ட்ராபெரி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

காமா இல்லாத ஆட்களும் உண்டு. ஸ்ட்ரான்சியம்-90 அப்படி. கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் போய் உட்காரும், ஆனால் பீட்டா மட்டும்தான் விடும், அதில் தனிக் குரல் இல்லை. அமிலத்தில் கரைத்து, வேதியியல் முறையில் மற்றதையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டுத்தான் எண்ண வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். புளுட்டோனியத்துக்கும் அதே பாடு. விபத்து முடிந்த சில நாளில் பத்திரிகையில் வரும் பட்டியலில் அயோடினும் சீசியமுமே இருப்பதற்கு, அவற்றை அளப்பது சுலபம் என்பதும் ஒரு காரணம்.

சீசியம் நடிப்பது பொட்டாசியத்தைப் போல. செடியின் வேருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் புக்குஷிமா வயல்களில் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டார்கள். நல்ல பொட்டாசியம் தாராளமாகக் கிடைத்தால் நெல் சீசியத்தைக் குறைவாக உறிஞ்சும். தம்பியின் பெட்டி எந்த மூட்டையைப் பார்த்துக் கத்தியதோ, அதே மூட்டைதான் அங்கே சோற்றைக் காப்பாற்றியது.

இரண்டு மாதம் கழித்து மணலின் அறிக்கை வந்தது. சீசியம்-137 என்ற வரியில் எண்ணுக்கு முன்னால் '<' என்று ஒரு குறி. "அப்ப இல்லைன்னு அர்த்தமா அண்ணே?" என்றான் தம்பி. இல்லை. இருந்தாலும் இந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்கும், அதற்குக் கீழே எங்கள் கருவிக்குக் கேட்காது என்று அர்த்தம். பூஜ்யம் என்று எந்த நேர்மையான ஆய்வுக்கூடமும் எழுதாது. சீசியம்-134-க்கும் அதே குறிதான்.

தோரியம் வரிசையில் எண் பெரிதாக இருந்தது. உலக மண்ணின் சராசரி கிலோவுக்கு 45 பெக்கரல், மலேசிய மண்ணுக்கு 82 என்று ஐ.நா. அறிவியல் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இந்த மணலில் மலேசிய சராசரியைப் போல நாலு மடங்கு. கறுப்புத் துகளில் கலந்திருக்கும், தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம்தான் காரணம். ஈயம் கழுவிய மிச்சமான ஆமாங்கில் அது வரும். புக்கிட் மேரா என்று சொன்னவரும் முழுக்கத் தப்பில்லை. 1982-இல் தொடங்கிய அந்த ஆலை மோனசைட்டில் இருந்துதான் அரிய மண் தனிமங்களை எடுத்தது, கழிவாகத் தோரியம் வந்தது. ஊர்மக்கள் வழக்காடி 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஆலையை மூடும் தீர்ப்பு வாங்கினார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1994-இல் நிறுவனமே மூடிவிட்டது. பேராக்கில் தோரியம் என்ற பெயருக்கு ஏன் உடனே காது கூர்மையாகிறது என்பது புரிகிறதுதானே. ஆனால் எங்கள் மணலில் யாரும் எதையும் கொட்டவில்லை. பக்கத்து மலைக் கருங்கல்லில் இருந்து காலங்காலமாக உதிர்ந்ததை, ஈயம் கழுவியவர்கள் ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால் அறைக்குள் பூசலாமா என்றால், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் கட்டடப் பொருளுக்குத் தோரியத்தை 200-ஆலும், ரேடியத்தை 300-ஆலும், பொட்டாசியம்-40-ஐ 3,000-ஆலும் வகுத்துக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எங்கள் மணலில் தோரியம் மட்டுமே ஒன்றரையைத் தாண்டியது. நாலு சுவருக்கும் அதையே பூசிவிட்டு உள்ளே படுத்துத் தூங்குவதற்குத்தான் அந்தக் கணக்கு. வெளியில் கிடப்பதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். தம்பி சமையலறைக்கு ஆற்று மணல் இறக்கினான். பழைய மணலை வாசல் சாக்கடைக் கரைக்குப் போட்டுச் சிமெண்டால் மூடிவிட்டான். அந்தச் சாக்கடைக் கரையில் பெட்டியை வைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வேகமாகத்தான் அடிக்கிறது. தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.